லூசியானாவின் உப்பு, டெக்சாஸின் எண்ணெய்

அமெரிக்க மாநிலம் ஒவ்வொன்றின் மேலும் அங்கே பிறந்த பெரிய நிறுவனத்தின் பெயரைப் பொறித்த வரைபடங்கள் இணையத்தில் ஏராளம். ஜார்ஜியாவுக்குக் கோக்க கோலா, மிச்சிகனுக்கு ஃபோர்டு, லூசியானாவுக்கு டபாஸ்கோ மிளகாய்ச் சாறு. 2024 ஆகஸ்டில் செவ்ரான் எண்ணெய் நிறுவனம் தன் தலைமையகத்தைக் கலிபோர்னியாவிலிருந்து டெக்சாஸின் ஹூஸ்டனுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. ஓர் அறிவிப்பில் இடம் மாறிவிடும் பெயரை வைத்து ஒரு மாநிலத்தைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் சில நிறுவனங்கள் குறிப்பிட்ட மண்ணில் முளைத்ததற்கு நிலத்தடியிலேயே காரணம் இருக்கிறது. லூசியானாவின் மிளகாய்ச் சாற்றுக்கும் டெக்சாஸின் எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் அந்தக் காரணம் ஒன்றுதான்: உப்பு.

ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் விலகி மெக்சிகோ வளைகுடா உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், கடல்நீர் அந்தப் பள்ளத்துக்குள் புகுந்தும் வற்றியும் உப்பைச் சேர்த்தது. சில இடங்களில் அதன் தடிமன் கிலோமீட்டர் கணக்கில் இருந்தது. பின்னர் மிசிசிப்பியும் அதற்கு முந்தைய ஆறுகளும் அதன்மேல் பல கிலோமீட்டர் உயரத்துக்கு வண்டலைக் கொட்டின.

கையில் எடுத்தால் நொறுங்குகிற உப்பு, அந்த ஆழத்தின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருகாமலே ஓடத் தொடங்குகிறது. படிகங்களின் விளிம்பில் ஒட்டியிருக்கும் இம்மியளவு ஈரம், அழுத்தம் மிகுந்த பக்கத்தில் உப்பைக் கரைத்து, அழுத்தம் குறைந்த பக்கத்தில் மறுபடி படியவைக்கிறது. படிகத்துக்குள்ளேயும் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், கோடி ஆண்டில் ஐந்து கிலோமீட்டர் ஆகிவிடும்.

சேறடித்த வயலில் வெறுங்காலை ஊன்றினால் சேறு விரலிடுக்கில் பிதுங்கி மேலே வரும். பாதம் வண்டல், சேறு உப்பு, விரலிடுக்கு சுமை குறைந்த இடம். நிற்பவர் தலையில் நாற்றுக்கட்டுகளை ஏற்ற ஏற, பிதுங்கும் சேறும் உயரும். ஆறுகள் மேலும் மேலும் வண்டல் கொட்டியதன் விளைவு இதுதான். குதிகாலுக்கு அடியிலிருந்து சேறு முழுவதும் விலகிப்போனால் கால் கெட்டித் தரையில் முட்டும்; உப்பு வற்றிப்போன இடங்களில் மேல் வண்டல் அடிப்பாறையைத் தொட்டு நிற்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பிதுங்கிய சேறு பாதத்தின் மேல் வழிந்து பரவுவதுபோல, வளைகுடாவின் கடலடியில் உப்பு இளம் வண்டலின் மேல் விரிப்பாகவும் பரவிக் கிடக்கிறது.

'உப்பு எடை குறைந்தது, ஆகவே மிதந்து மேலே வருகிறது' என்று பாடநூல்கள் சொல்வது பாதிதான் சரி. உப்பின் அடர்த்தி ஏறத்தாழ 2.2; புதிதாகப் படிந்த சேற்று வண்டல் அதைவிட இலேசானது. வண்டல் உப்பைவிடக் கனமாவதற்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் புதைந்து நசுங்க வேண்டும். அதற்கு முன்பே உப்பு கிளம்பிவிடுவது உண்டு. சுமை ஓரிடத்தில் கூடுதல், ஓரிடத்தில் குறைவு என்ற ஏற்றத்தாழ்வே அதை முதலில் நகர்த்துகிறது. இப்படி உருவாகும் உப்புக் குவிமாடங்களில் பல, எழுந்து வந்தவை என்பதைவிட, சுற்றிலும் வண்டல் சேர்ந்து நிலம் தாழத் தாழ, மேல்மட்டத்திலேயே நிலைத்துவிட்டவை என்பதே பொருந்தும்.

லூசியானாவின் தென்கரைச் சதுப்பில் இத்தகைய ஐந்து குன்றுகள் வரிசையாக நிற்கின்றன. ஐந்துக்கும் 'தீவு' என்றே பெயர். அவற்றில் ஏவரி தீவின் உயரம் சுமார் 50 மீட்டர். 1862-இல் அங்கே ஓர் உப்பூற்றை ஆழப்படுத்தியபோது ஐந்து மீட்டரிலேயே பாறை உப்பு தட்டுப்பட்டது. உள்நாட்டுப் போரில் அது தென்மாநிலங்களுக்கு உப்பளித்தது. மறு ஆண்டே வடமாநிலப் படை அந்த உப்புத் தொழிற்கூடத்தை அழித்தது. அதே தீவில் 1868-இல் எட்மண்ட் மெக்கில்ஹென்னி என்ற முன்னாள் வங்கியாளர் விற்பனைக்காக மிளகாய் பயிரிட்டார். அரைத்த மிளகாயில் உப்பைக் கலந்து ஓக் பீப்பாயில் அடைத்து, மூடியின் மேலும் உப்பைப் பரப்பி மூன்றாண்டுவரை ஊறவைப்பது இன்றும் டபாஸ்கோவின் முறை. இறுகிய உப்பு, நொதிக்கும்போது எழும் வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாது. மிளகாயின் பெரும்பகுதி இப்போது லத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் விளைகிறது. ஆகவே டபாஸ்கோ முழுக்க லூசியானா மண்ணின் சரக்கு அல்ல.

குவிமாடத்தின் உச்சியை நிலத்தடி நீர் கரைத்தபின் மிஞ்சுவது அன்ஹைட்ரைட் என்ற கனிமம். அதிலிருந்து நுண்ணுயிர்களின் துணையோடு பொத்தல் நிறைந்த சுண்ணப்பாறையும் கந்தகமும் உண்டாகின்றன. உப்பின் வழியே எதுவும் கசியாது என்பதால், பக்கத்து அடுக்குகளில் மேலேறி வரும் எண்ணெய் அங்கங்கே சிக்கி நிற்கும். ஏவரி தீவுச் சுரங்கத்தில் பொறியாளராக இருந்த அந்தோனி லூகாஸ், உப்புக் குன்றுகளை நம்பி டெக்சாஸின் போமான்ட் நகருக்கு அருகே ஸ்பிண்டில்டாப்பில் துளையிட்டார். 1901 ஜனவரி 10-இல் சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து எண்ணெய் பீறிட்டது. நாளொன்றுக்கு லட்சம் பீப்பாய் என்று மதிப்பிடப்பட்ட அந்த ஊற்றை அடக்க ஒன்பது நாள் பிடித்தது. கல்ஃப், டெக்சகோ இரண்டின் தொடக்கமும் அந்த வயல்தான். இரண்டும் பின்னர் செவ்ரானில் கலந்துவிட்டன. சிகாகோவின் பெயரோடு அறியப்படும் மார்ட்டன் உப்பு நிறுவனமும் இந்த ஐந்து தீவுகளில் ஒன்றான வீக்ஸ் தீவில் சுரங்கம் வைத்திருக்கிறது.

உப்பும் எண்ணெயும் ஓரிடத்தில் இருப்பது ஆபத்தும்கூட. 1980 நவம்பர் 20-இல், அந்த ஐந்து தீவுகளில் இன்னொன்றான ஜெஃபர்சன் தீவை ஒட்டிய பெய்ன்யூர் ஏரியில் டெக்சகோவுக்காக இறக்கிய துளை, அடியிலிருந்த உப்புச் சுரங்கத்தைக் குத்திவிட்டதாகக் கருதப்படுகிறது. இறங்கிய நீர் உப்பைக் கரைத்துத் துளையை அகலமாக்க, ஏரியே உள்ளே வடிந்தது. கடலுக்குப் போகும் கால்வாய் திசைமாறி ஏரிக்குள் பாய்ந்தது. 11 சரக்குத் தோணிகள் சுழலில் மூழ்கின. சுரங்கத்திலிருந்த 55 பேரும் உயிரோடு மேலே வந்துசேர்ந்தார்கள். மூன்று மீட்டர் ஆழமே இருந்த நன்னீர் ஏரி, அறுபது மீட்டர் ஆழத்துடன் உவர்நீர் ஏரியாயிற்று.

அமெரிக்க அரசின் அவசரகால எண்ணெய்ச் சேமிப்பும் இதே உப்பை நம்பியே இருக்கிறது. டெக்சாஸிலும் லூசியானாவிலும் நான்கு இடங்களில், குவிமாடங்களைத் தண்ணீரால் கரைத்துக் குடைந்த அறைகளில் 70 கோடிப் பீப்பாய்க்குமேல் கச்சா எண்ணெய் வைக்க இடமுண்டு. சுவரில் விரிசல் விட்டால் உப்பே நகர்ந்து மூடிவிடும். அதே நகர்வால் அறைகளும் ஆண்டுதோறும் கொஞ்சம் சுருங்குகின்றன. எண்ணெயை எடுக்க அடியில் நன்னீரை ஏற்றும்போது சுவர் கரைந்து அறை மீண்டும் அகலமாகிறது.