படையலும் பேய்க்கதையும்

அக்டோபர் 31ஆம் நாள் இரவில் மேலை நாடுகளில் கொண்டாடப்படும் ஹாலோவீன், இன்று முகமூடியும் மிட்டாயுமாகச் சிறுவர் விழாபோலத் தோன்றினாலும், அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்டிய மக்களின் ‘சௌயின்’ என்னும் பண்டிகையிலிருந்தே அது கிளைத்தது என்பது பரவலான கருத்தாகும். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில் இறந்தோர் தம் வீடு தேடி வருவர் என்னும் நம்பிக்கை அம்மக்களிடையே நிலவியது. பின்னர்க் கத்தோலிக்கத் திருச்சபை நவம்பர் 1ஆம் நாளைப் புனிதர் அனைவருக்கும், 2ஆம் நாளை மரித்த ஆன்மாக்கள் அனைவருக்கும் உரியதாக்கியது. முதல் திருநாளுக்கு முந்திய மாலை என்பதே ஹாலோவீன் என்ற பெயரின் பொருள். தூத்துக்குடி முதல் மணப்பாடு வரையிலான கடற்கரை ஊர்களில் நவம்பர் 2 அன்று கல்லறைகளைத் துப்புரவு செய்து, பூச்சூட்டி, மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் இந்த வரிசையின் இறுதி நாளே ஆதலால், ஹாலோவீன் அக்கடற்கரையிலுள்ள தாமிரபரணி முகத்துவாரத்துக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

அந்தப் பருவத்தில் பேய்க்கதைகளைத் தேடிப் படிப்பது மேலை நாட்டு வாசகர் வழக்கம். அவ்வாறு படிக்க விரும்பும் தமிழ் வாசகர் இரவல் தேடிப் போக வேண்டியதில்லை; இறந்தோர்க்குச் சோறிடுவதும் அவர்களுடைய கதையைக் கேட்பதும் ஒரே சடங்கின் இரு பகுதிகளாக, தாமிரபரணிக் கரை ஊரான ஏரலைச் சுற்றிய பள்ளத்தாக்கில் இன்றும் நிலைத்துள்ளன. ஏரலை அடுத்த சிவகளையில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த முதுமக்கள் தாழி ஒன்றனுள், அதாவது இறந்தோரைப் புதைக்கப் பயன்பட்ட பெரிய மண்கலத்தினுள், உமியுடன் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 எனக் கணிக்கப்பட்டு, 2021ஆம் ஆண்டில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவரோடு வைக்கப்பட்ட அந்த நெல்லுக்கும், அமாவாசையன்று ஆற்றங்கரையில் எள்ளும் நீரும் இறைத்துப் பிண்டம் வைக்கும் இன்றைய வழக்கத்துக்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று துணிந்துரைக்க இயலாவிடினும், இரண்டிலும் வெளிப்படும் அக்கறை ஒன்றே.

ஏரலில் தாமிரபரணிக் கரையிலுள்ள அருணாசல சுவாமி கோயில், அவ்வூரின் சேர்மனாக இருந்து 1908ஆம் ஆண்டு ஆடி அமாவாசையன்று இளவயதில் மறைந்த ஒருவருக்கு எழுந்த கோயிலாகும். ஆடி அமாவாசையே அங்குப் பெருந்திருவிழா. அதே நாளில், அதே ஆற்றின் மேல்கோடியில், பாபநாசத்துக்கு அப்பாலுள்ள காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலிலும் பெருங்கூட்டம் கூடுகிறது. அங்குப் பட்டவராயன் என்று வணங்கப்படும் முத்துப்பட்டன், பிராமணராய்ப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா ஆகிய இருவரை மணந்து, மாமனாரின் தோல் தொழிலையும் ஏற்று, மாடு திருட வந்தவர்களை எதிர்த்து நின்று கொல்லப்பட்டவர் எனக் கதைப்பாடல் கூறுகிறது. அவருடைய சந்நிதியில் அடியவர் காணிக்கையாகத் தொங்கவிடும் தோல் செருப்புகள், யாரோ அணிந்து நடந்தவைபோல நாளடைவில் தேய்ந்திருக்கும் என்பது அங்குள்ள நம்பிக்கை. நாங்குநேரியில் பிறந்த ஆய்வாளர் நா. வானமாமலை இக்கதையைப் பதிப்பித்து அச்சேற்றியதால், கோயில் முற்றத்தில் மட்டுமே ஒலித்துவந்த ஒரு கொலையின் வரலாறு நூலகத்துக்கும் வந்து சேர்ந்தது.

இத்தகைய கதைகளின் இயல்பான வடிவம் வில்லுப்பாட்டாகும். மணிகள் கட்டிய நீண்ட வில்லை மண்குடத்தின்மீது பொருத்தி, அண்ணாவி எனப்படும் தலைமைப் பாடகர் வீசுகோலால் நாணை அடித்துப் பாட, உடுக்கும் தாளமும் சேர்ந்து ஒலிக்க, உடனிருப்போர் பின்பாட்டுப் பாடுவர். ஆறுமுகமங்கலம், சீவலப்பேரி முதலிய ஊர்களில் கோயில் கொண்ட சுடலைமாடன் கதையைக் கொடை விழாவில், அதாவது அத்தெய்வத்துக்கு ஊரார் எடுக்கும் ஆண்டுப் பெருவிழாவில், கேட்டால்தான் அதன் முழு ஆற்றல் விளங்கும். கயிலாயத்தில் விளக்கின் சுடரிலிருந்து பிறந்த குழந்தை, தாயின் பால் போதாமல், சுடுகாட்டில் எரியும் பிணத்தைத் தின்றுவிட்டு வருகிறது. அந்தப் பசியே அதனைப் பூமிக்கு அனுப்புகிறது. நள்ளிரவில் சாமியாடி தீப்பந்தம் ஏந்தி மயானத்துக்கு வேட்டைக்குச் செல்லும் வேளையில், கேட்போர்க்கும் கதைக்கும் நடுவே இருந்த இடைவெளி அற்றுப்போகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலில், தெய்வப் பிறப்பைக் கூறும் கதைகளையும் கொலையுண்டவர் இறப்பைக் கூறும் கதைகளையும் வேறுபடுத்திக் காட்டி, வில்லுப்பாட்டில் சாவுக்கும் சாமியாட்டத்துக்கும் உள்ள தொடர்பை விரிவாக ஆராய்ந்தார்.

ஏட்டிலக்கியமும் இதற்குச் சளைத்ததன்று. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், பட்டினியால் வற்றிய பேய்கள் காளியிடம் முறையிட்டு, போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்துப் பரிமாறி உண்ணும் பகுதி, அச்சமும் நகையும் ஒன்றாய்க் கலந்த அரிய ஆக்கமாகும். கணவனால் கொலையுண்ட பெண் பேயாக வந்து வழக்குரைக்கும் பழையனூர் நீலி கதையில், அவளிடம் தாம் ஒப்படைக்கும் கணவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தாமும் இறப்போம் என வாக்களித்த வேளாளர் எழுபதின்மர், சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகின்றனர். இருபதாம் நூற்றாண்டில், திருநெல்வேலி மரபில் வந்த புதுமைப்பித்தன் (1906–1948) ‘காஞ்சனை’ கதையில் இந்தத் தொல்பேயை மின்விளக்குக் காலத்து எழுத்தாளர் ஒருவரின் வீட்டுக்குள் கொண்டுவந்தார். பிச்சை கேட்டு வந்தவளை மனைவி இரக்கத்தோடு வேலைக்கு வைத்துக்கொள்ள, நள்ளிரவில் பிணம் எரியும் வாடை அறைக்குள் பரவ, கணவனின் பகுத்தறிவு படிப்படியாகத் தளர்வதைக் காட்டும் அக்கதைக்கு ஈடாகத் தமிழில் வேறொரு பேய்க்கதையைச் சொல்வது கடினம்.

படக்கதைக்கு வந்தால், அமெரிக்காவில் வில்லியம் கெயின்ஸின் இ.சி. நிறுவனம் 1950இல் தொடங்கிய ‘டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்’ முதலிய திகில் இதழ்களில், வஞ்சித்துக் கொல்லப்பட்டவர் அழுகிய உடலோடு எழுந்துவந்து கொன்றவனைப் பழிவாங்கும் கதைகள் மீண்டும் மீண்டும் வந்தன. நீலியின் வழக்கும் அதுவே. சிறுவர் கெட்டுப்போகின்றனர் என்னும் கூக்குரலால் 1954இல் பதிப்பாளர் வகுத்த காமிக்ஸ் நெறிமுறை, நடமாடும் பிணங்களையும் இரத்தக்காட்டேரிகளையும் தடுத்து, தலைப்பில் திகில் என்ற சொல்லையே விலக்கியது. அக்காலத்தில் தமிழ்ச் சிறுவர்களோ, அம்புலிமாமாவில் ஓவியர் சங்கர் வரைந்த, வாளேந்திப் பிணத்தைத் தோளில் சுமந்து நடக்கும் விக்கிரமாதித்தனைத் தடையின்றிப் பார்த்து வளர்ந்தனர். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸும், 1984இல் லயன் காமிக்ஸும், பின் திகில் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து வெளிவந்து, அயல்நாட்டுப் படக்கதைகளைத் தமிழில் தந்து இரண்டு தலைமுறை வாசகரை உருவாக்கின. அவ்வாசகர் மரபும் ஓவியத் திறனும் உள்ள மண்ணில், தீப்பந்தத்தோடு மயானம் புகும் சுடலைமாடனும், மாட்டுத் தொழுவத்தைக் காத்து மாண்ட முத்துப்பட்டனும், இடுப்பில் கரிக்கட்டையைக் குழந்தையாக ஏந்திச் சபை ஏறும் நீலியும், பதிப்பித்த கதைப்பாடல்களின் பாடத்தை அடியொற்றி, கட்டம் கட்டமாக வரையப்பட வேண்டும். அண்ணாவிகளின் கையெழுத்து ஏடுகள் கரையான் வாய்க்குப் போகுமுன் அவற்றையும் படியெடுத்தாக வேண்டும்.