தாலாட்டின் வேகம்

‘தாலாட்டு’ என்னும் சொல்லில் உள்ள ‘தால்’ நாக்கைக் குறிப்பது. நாவை அசைத்து எழுப்பும் ஓசையால் குழந்தையை உறங்கவைப்பதால் அப்பாட்டுக்கு அப்பெயர் அமைந்தது என்பர். குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியமும் காப்பு, செங்கீரை ஆகியவற்றை அடுத்து மூன்றாவதாகத் தாலப் பருவத்தை வைக்கிறது. மனத்துக்கு அமைதி தரும் இசை எது என்று தேடுகிறவர்கள் கைப்பேசியில் குவிந்துகிடக்கும் பதிவுகளுக்கு நடுவே திகைத்து நிற்கும் இந்நாளில், அத்தேடலைத் தொடங்குவதற்கு ஏற்ற இடம் தாலாட்டே. கேட்கும் உயிரை அடங்கச் செய்ய வேண்டும் என்ற நோக்கத்துக்காகவே பிறந்த இசை அது. அழும் குழந்தையிடம் பலிக்காத மெட்டுகள் கைவிடப்பட, பலித்தவையே தாயிடமிருந்து மகளுக்குச் சென்றிருக்க வேண்டும்.

தாலாட்டின் மெட்டு நான்கைந்து சுரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. திடீரென உச்சத்துக்குத் தாவுவதில்லை. தூளியோ தொட்டிலோ ஆடும் கதியிலேயே நடந்து, ஒவ்வோர் அடியின் முடிவிலும் இறங்கி நின்று, மீண்டும் அதே வழியில் தொடங்குகிறது. அடுத்து என்ன வரும் என்பது முன்பே தெரிந்திருப்பதால் காது விழிப்போடு காத்திருக்க வேண்டியதில்லை. தாலாட்டின் சொற்களோ பல நேரங்களில் அமைதியானவை அல்ல. மாமன் கொண்டுவரும் சீர்வரிசையோடு பிறந்த வீட்டு ஏக்கமும் புகுந்த வீட்டு வருத்தமும் அவற்றில் நிறைந்திருக்கும். குழந்தைக்கு அப்பொருள் எட்டுவதில்லை, ஓசை மட்டுமே எட்டுகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 144 குழந்தைகளுக்கு அவர்கள் அறியாத மொழிகளில் அமைந்த தாலாட்டுகளையும் பிற பாடல்களையும் ஒலிக்கச் செய்து, 2020இல் வெளியிட்ட முடிவும் இதற்கு அரண் செய்கிறது: மொழி அயலானதாக இருந்தும், பிற பாடல்களைக் கேட்டபோது இருந்ததைவிடத் தாலாட்டின்போது அக்குழந்தைகளின் இதயத்துடிப்பு தணிந்திருந்தது.

இவ்வாறு தணிவதற்கு வழிசெய்வது தன்னியக்க நரம்பு மண்டலம், அதாவது மனிதனின் விருப்பத்தை எதிர்பாராமல் இதயத்தையும் மூச்சையும் செரிமானத்தையும் இயக்கும் நரம்புத் தொகுதி. அதில் பரிவு நரம்புகள் உடலை ஓட்டத்துக்கும் எதிர்ப்புக்கும் முடுக்கிவிட, எதிர்ப்பரிவு நரம்புகள் அதை ஓய்வுக்குத் திருப்புகின்றன. இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசியானோ பெர்னார்டியும் உடன் ஆய்வாளர்களும் இசை பயின்றோர் 12 பேர், பயிலாதோர் 12 பேர் என 24 பேரைக் கொண்டு செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய இராக இசை உட்பட ஆறு வகை இசை கேட்பிக்கப்பட்டது. விரைந்த இசையின்போது மூச்சும் இரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் கூடின. அம்மாற்றத்தை முடிவுசெய்ததில் இசையின் வகையைவிட அதன் வேகத்துக்கே பெரும்பங்கு இருந்தது. ஆகவே, ஒருவர் இசையைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பாடகரின் புகழையோ இராகத்தின் பெயரையோ அன்று, காலப்பிரமாணத்தை, அதாவது இசை நடக்கும் வேகத்தை. ஓய்ந்திருக்கும் பெரியவர்களின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கிறது. அந்த வரம்பின் கீழ் எல்லையை ஒட்டி, 60 முதல் 80 தட்டுகளுக்குள் நடக்கும் இசையே ஓய்வுக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது.

கருநாடக இசையில் உறக்கத்தோடு சேர்த்துப் பேசப்படும் நீலாம்பரியை இந்த வெளிச்சத்தில் காண்பது பயனுடையது. தேவாரப் பண்களுள் மேகராகக் குறிஞ்சி என வழங்குவது இதுவே என்பர் இசைநூலார். கோயில்களில் இரவு வழிபாடு முடிந்து இறைவன் பள்ளியறைக்கு எழுந்தருளும் வேளையில் நாகசுரத்தில் இசைக்கப்படும் மரபு இதற்கு உண்டு. தியாகராசர் இராமனை ஊஞ்சலாட்டிப் பாடிய கீர்த்தனை இந்த இராகத்தில் அமைந்தது. முத்துசுவாமி தீட்சிதர் நாகப்பட்டினத்து நீலாயதாட்சியைப் பாடியதும் இதிலேதான். இத்தனை பெருமை இருந்தும், நீலாம்பரியின் சுரங்களில் ஏதோ மருந்து கலந்திருப்பதாகக் கொள்வது பொருந்தாது. இருபத்தொன்பதாவது மேளமான தீரசங்கராபரணத்திலிருந்து நீலாம்பரி பிறந்தது போலவே பிலகரியும் கதனகுதூகலமும் பிறந்தன. பிலகரி காலை வேளையின் ஊக்கத்துக்கும், கதனகுதூகலம் துள்ளும் விரைவுக்கும் பெயர் பெற்றவை. தாய் ஒன்றாக இருந்தும் பிள்ளைகளின் இயல்பு வேறுபடுவதற்குக் காரணம், சுரங்கள் கோக்கப்படும் முறையும் நடையும். நீலாம்பரி நீண்ட பிடிகளாலும் மெல்ல அசையும் கமகங்களாலும், அதாவது சுரத்தை நிலையாக நிறுத்தாமல் அசைத்து ஒலிக்கும் நுட்பத்தாலும் உருப்பெறுவது. துரித காலத்தில் விரட்டினால் அதன் உருவமே குலைந்துவிடும். விரைவை ஏற்காத தன்மையே அதன் அமைதிக்கு வேர் என்று கருதலாம்.

இசைக்கு இத்தகைய ஆற்றல் உண்டு என்பதைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே கூர்ந்து கண்டிருக்கின்றனர். அகநானூற்றின் 102ஆம் பாடலில், தினைப்புனத்தில் கூந்தலை உலர்த்தியபடி கொடிச்சி பாடும் குறிஞ்சிப் பண்ணைக் கேட்டு, மேய வந்த களிறு கதிரை உண்ணாமலும் நின்ற இடத்தைவிட்டு நகராமலும் உறங்கிவிடுகிறது. பொருநராற்றுப்படையில் பாலைப் பண்ணின் இனிமை வழிப்பறிக் கள்வரையும் படைக்கலத்தை நழுவவிடச் செய்கிறது. புலவர்கள் இவற்றை மிகைப்படுத்திக் கூறியிருக்கலாம். ஆயினும் முறுக்கேறிய தசைகள் தளர்வதைத்தான் இரு காட்சிகளும் காட்டுகின்றன என்பதால், உடலை அறிந்தவர்களின் பாடல்களாகவே அவை தோன்றுகின்றன.

பாடல் வரிகள் உள்ள இசை சிலருக்கு இடையூறாவது உண்டு. பொருள் விளங்கும் சொல் நினைவுகளை எழுப்ப, அந்நினைவு கவலையை இழுத்து வந்துவிடுகிறது. அத்தகையோருக்கு வீணையிலோ புல்லாங்குழலிலோ விளம்ப காலத்தில், அதாவது மிகத் தாழ்ந்த வேகத்தில் வாசிக்கப்படும் ஆலாபனை பொருந்தும்; தாளக் கட்டுப்பாடின்றி இராகத்தை விரித்துச் செல்வதே ஆலாபனை. தம்புராவின் மீட்டொலி மட்டுமே போதும் என்போரும் உண்டு. தாமே வாய்விட்டு முணுமுணுப்பதும் ஒரு நல்வழி. பெர்னார்டி குழுவினர் 2001இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், செபமாலையையும் யோக மந்திரத்தையும் ஓதியவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறை என்ற அளவுக்குத் தாழ்ந்தது. நீண்ட அடிகளைப் பாடும்போதும் மூச்சு இவ்வாறே நீள்கிறது. இவை அனைத்துக்கும் மேலாக, கேட்பவருக்குப் பழகிய இசை வேண்டும். சிறுவயதில் வானொலியில் கேட்ட பழைய திரைப்பாடல் ஒருவரை எளிதில் அடங்கச் செய்யுமானால், ‘மனஅமைதிக்கு’ என்ற பெயரோடு விற்கப்படும் அயலான ஓசையை அவர் தேடி அலைய வேண்டியதில்லை.

ஒலியளவும் கருதத்தக்கது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. ஓய்வுக்கான இசை அவ்வளவை நெருங்கவே கூடாது.

பவியா ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. இசைப்பகுதிகளுக்கு நடுவே இரண்டு நிமிட மௌனம் ஒன்று செருகப்பட்டிருந்தது. கேட்டவர்களின் மூச்சும் இரத்த அழுத்தமும் இதயத்துடிப்பும் ஆய்வின் தொடக்கத்தில் இருந்த நிலையைவிடத் தாழ்ந்தது, எந்த இசையின்போதும் அன்று, அந்த மௌனத்தின்போதுதான். இசையின்றி அமர்ந்திருந்த வெறும் மௌனத்தில் கிட்டாத தளர்ச்சி, இசையைத் தொடர்ந்து வந்த மௌனத்தில் கிட்டியது. எனவே, படுக்கையருகே இசையை விடிய விடிய ஓடவிடுவதைவிட, அரை மணி நேரத்தில் தானாக நின்றுவிடுமாறு கைப்பேசியில் நேரம் குறித்து வைத்து, நின்ற பின் வரும் அமைதியில் சில நிமிடம் கண்மூடிக் கிடப்பது நன்று.