கடல் பாட்டியிடம் வரும் நேரம்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும், “என்ன நேயர்களே, குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பிட்டீங்களா?” என்று வானொலியில் உற்சாகமாகக் கேட்பவள் நான். போன வருடம் அதே கேள்வியை என் வீட்டில் கேட்டேன். 82 வயதுப் பாட்டியின் பதில்: “நான் வரலம்மா. நீங்க பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போய்ட்டு வாங்க.”

பாட்டிக்குக் கடல் பிடிக்காமல் இல்லை. தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் லயத்து ஜனங்கள் எல்லாரும் பஸ் பிடித்துப் போர்ட்டிக்சன் போன கதையை இன்றும் சொல்வார். புளிச்சோறு, அவித்த முட்டை, சேலையோடு தண்ணீரில் உட்கார்ந்தது எல்லாம் அதில் வரும். முட்டி தேய்ந்து சக்கர நாற்காலிக்கு வந்தபிறகுதான் “நான் வரல” என்று சொல்ல ஆரம்பித்தார்.

கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனோம். கோலாலம்பூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்தானே! தங்கும் விடுதிக்கு முன்கூட்டியே போன் செய்து, “சக்கர நாற்காலி வரலாமா?” என்று கேட்டேன். “தாராளமா வரலாம்” என்றார்கள். போய் இறங்கினால் வாசலில் மூன்று படி, அதன்மேல் சாய்த்து வைத்த ஒரு பலகை. என் கணவரும் காவலாளியும் பாட்டியை நாற்காலியோடு தூக்கினார்கள். குளியலறைக் கதவுக்குள் நாற்காலி நுழையவே இல்லை.

அன்று இரவுதான் கவனித்தேன். காலையில் கொடுத்த தண்ணீர் போத்தல் அப்படியே இருந்தது. “குடிச்சா பாத்ரூம் போகணும்ல. ஒங்களுக்கு எதுக்குச் சிரமம்?” என்றார். மறுநாள் காலையிலேயே திரும்பிவிட்டோம். பாட்டி கடலைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி.

நம் வீட்டுப் பெரியவர்கள் “வரல” என்று சொன்னால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கழிவறை இருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் இரண்டாவது பயணத்துக்கு ஒழுங்காகத் திட்டம் போட்டேன்.

அளவைக் கேளுங்கள்

“வரலாமா?” என்று கேட்டால் “வரலாம்” என்றுதான் பதில் வரும். அதனால் இந்த முறை அளவு நாடாவை எடுத்து நாற்காலியின் அகலத்தை அளந்தேன். 65 சென்டிமீட்டர். “குளியலறைக் கதவு எத்தனை சென்டிமீட்டர்? வாசலில் எத்தனை படி? அறை தரைத்தளமா, இல்லை மின்தூக்கி உண்டா? கழிவறையில் பிடிமானக் கம்பி இருக்கிறதா?” என்று கேட்டு, வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பச் சொன்னேன். நான்கு இடங்கள் அதோடு கழன்றன. ஐந்தாவது இடத்தில் ஒரு பெண் நாடாவோடு போய் அளந்து படம் எடுத்து அனுப்பினார். அங்கேயே பதிவு செய்தோம்.

சரிவுப் பாதைக்கும் கணக்கு உண்டு. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும். மூன்று படி சுமார் 45 சென்டிமீட்டர் என்றால் சரிவு 5.4 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். ஒற்றைப் பலகை ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும்.

பாட்டிக்கும் பிள்ளைக்கும் ஒரே அட்டவணை

எட்டு மாதப் பிள்ளைக்கும் பாட்டிக்கும் தேவை ஏறக்குறைய ஒன்றுதான்: நிழல், மதியத் தூக்கம், குழைந்த சோறு, அடிக்கடி ஒரு நிறுத்தம். இருவருக்கும் உச்சி வெயில் ஆகாது. காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை அறையிலேயே இருந்தோம். ஆறு மாதத்துக்கும் குறைந்த குழந்தை என்றால், வெயில் களிம்பை நம்பாமல் நிழலிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

காரில் குழந்தை இருக்கை 2020 ஜனவரி முதல் கட்டாயம். பின்னால் சக்கர நாற்காலியை வைத்தால் தள்ளுவண்டிக்கு இடமில்லை. அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணிப்பையை எடுத்துக்கொண்டோம். குளிக்க உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஏறியது. மருந்துகளும் மருந்துப் பட்டியலும் கைப்பையில் இருந்தன. பள்ளி விடுமுறை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில் கிளம்பினோம். வழியில் ஓய்வுத் தளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறை இருந்ததால், பாட்டி பயமில்லாமல் தேநீர் குடித்தார்.

கடல் ஏறும் நேரம் பாருங்கள்

மணலில் சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் புதைந்துவிடும். முன்னால் தள்ளக் கூடாது. திருப்பிக்கொண்டு, பின்சக்கரங்களின் மேல் சற்றே சாய்த்துப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். அப்படியும் நெடுந்தூரம் இழுக்க முடியாது.

அப்போதுதான் கடலின் கணக்கு கைகொடுத்தது. போர்ட்டிக்சன் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே சுமார் ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். வற்றிய கடலை எட்ட நெடுந்தூரம் மணலில் போக வேண்டும். ஏறிய கடலோ நம் பக்கத்திலேயே வந்து நிற்கும். அட்டவணையைப் பார்த்து, மாலை ஆறு மணியை ஒட்டிக் கடல் ஏறும் நாளாகத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

ஐந்தரைக்கு, நடைபாதை முடிந்து மணல் தொடங்கும் இடத்திலிருந்து சில அடி தூரம் மட்டும் இழுத்து, பிரேக் போட்டு நிறுத்தினோம். கணவர் நாற்காலியின் கைப்பிடியை விடவே இல்லை. தண்ணீர் மெல்ல ஏறி வந்து பாட்டியின் பாதத்தை நனைத்தது. பாட்டி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார். என் கையிலிருந்த பிள்ளையின் காலும் தண்ணீரில் பட்டது. அவன் வீறிட்டான். “பயப்படாதடா ராசா, இது நம்ம பாட்டி குளிச்ச கடலு” என்றார்.

கால் மணி நேரத்தில் பின்னுக்கு இழுத்துக்கொண்டோம். உப்புநீர் இரும்பைத் தின்றுவிடும், அதனால் அறைக்குப் போனதும் சக்கரங்களை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தோம்.

அதற்கு முன் சாலையோரக் கடையில் இளநீர் வாங்கினோம். வழக்கம்போல ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவார் என்று நினைத்தேன். முழுவதையும் குடித்து முடித்துவிட்டு, “இன்னொன்னு வெட்டச் சொல்லு” என்றார் பாட்டி.