உமி தந்த கறுப்பு

என் வகுப்பறை மேசைமீது ஒரு கறுப்பு மண்கலம் இருக்கிறது. பருத்த அடி, ஒடுங்கிய இடை, நீண்ட கழுத்து. பார்ப்பதற்குச் சுரைக்காய்தான். லாபு சாயோங் என்பது அதன் பெயர். சாயோங் என்பது கோலகங்சாருக்கு எதிரே, பேராக் ஆற்றின் அக்கரையில் உள்ள ஊர்.

"இதற்கு என்ன சாயம் பூசினாங்க, சார்?" என்று நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். "கறுப்புச் சாயந்தான்" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்குத் தெரியாது. அன்றிரவு அது மனத்தை உறுத்தியது.

சனிக்கிழமை ஓய்வுநாள். கமுந்திங்கிலிருந்து தைப்பிங் சென்று, பஸ் ஏறி, புக்கிட் பெராப்பிட் மலைப்பாதையைக் கடந்து கோலகங்சாரில் இறங்கினேன். அங்கே 1877இல் நட்ட ரப்பர் மரங்களுள் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதன் முன் சற்று நின்றேன். நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றிய மரமல்லவா!

பிறகு ஆற்றைக் கடந்து ஒரு பட்டறைக்குள் நுழைந்தேன். அங்கிருந்த மலாய் அம்மையாரிடம், "காக், எந்தச் சாயம் பூசுகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு சாக்கைத் திறந்து காட்டினார். உள்ளே நெல் உமி!

களிமண்ணை உலர்த்தி, இடித்துச் சலித்து, குழைக்கிறார்கள். முன்பெல்லாம் பெண்கள் கையாலேயே வனைந்து, மரத்தட்டையால் தட்டி உருவாக்கினார்கள். இப்போது பெரும்பாலும் அச்சுதான். களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்சுவதால் சுவரை ஒட்டி மண் கெட்டியாகிறது. மிஞ்சிய குழம்பைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடு. வேலை விரைவாக நடக்கிறது. ஆனால், கையால் வனையத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். எனக்கு அது வருத்தந்தான்.

சூளையில் வெந்த கலம் செங்கல் நிறமாகவே இருக்கும். சூடு தணியுமுன் அதை உமிக்குள் புதைக்கிறார்கள். காற்று போதாமல் உமி புகைகிறது. அந்தப் புகையின் கரி மண்ணின் நுண்துளைகளில் படிந்து கறுப்பாகிறது. ஜப்பானியரும் கூரை ஓடுகளை இப்படிச் சூளைப் புகையிட்டுக் கருமையாக்குவதுண்டு. ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த பழந்தமிழர் பானைகளிலும் கறுப்பும் சிவப்பும் சேர்ந்தே காணப்படுகின்றன.

இதில் ஊற்றிய நீர் குளிர்வது ஏன்? நம் வீட்டு மண்பானையின் கதைதான். நீர் சுவர் வழியே மெல்லக் கசிந்து, வெளியே ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளிருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மரம் வெட்டி வியர்த்து வரும்போது காற்றுப் பட்டால் உடல் குளிர்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றே. பளபளப்புக்காக வார்னிஷ் பூசிய கலத்தில் துளைகள் அடைபட்டுவிடும். அது அலங்காரத்துக்கு மட்டுமே ஆகும்.

திங்கட்கிழமை வகுப்பில், "அன்று நான் சொன்னது தவறு" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். அதே பையன் எழுந்தான். "அப்படின்னா கழுவினாலும் போகாதா, சார்?"

கலத்தைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் குழாயடிக்குப் போனோம். நன்றாகத் தேய்த்துப் பார்த்தான். கறுப்பு போகவில்லை.