வளைவில்தான் இருக்கிறது வித்தை

கார், பைக் என்றால் உயிரை விடுகிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வீட்டில் அவர்கள் காதில் விழுவது வசவு மட்டும்தான். பெற்றவர்கள் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். பத்தில் ஏழு சாவுக்கு அதிவேகமே காரணம் என்கிறது மத்திய அரசின் கணக்கு. ஆனால் இந்த ஆசை திட்டினால் அடங்குவதில்லை. ஊர் உறங்கிய பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிளம்பிவிடுகிறது. அதற்கு முறையான இடமும் பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. உயிர்ப் பயம் ஒரு காரணம். வண்டி ஓட்டுவதன் முழுச் சுகம் பொதுச் சாலையில் கிடைக்கவே கிடைக்காது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நேர்ச்சாலையில் ஆக்சிலேட்டரை முறுக்க யாராலும் முடியும். வித்தை வளைவில் இருக்கிறது. ஒரு கார் டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். திருப்புவது, நிறுத்துவது, பாய்வது எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான். பிரேக்கை மிதித்ததும் பாரம் முன்பக்கம் சாய்கிறது. முன் டயர்களின் பிடிப்பு கூடுகிறது, பின்பக்கம் லேசாகிறது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வண்டி திரும்பிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கிலிருந்து காலை மெல்லத் தளர்த்தி, வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தைத் தொட்டு, வெளியேறும் வழி கண்ணில் பட்ட பிறகே ஆக்சிலேட்டரைத் தொட வேண்டும். அவசரப்பட்டுக் கொஞ்சம் முந்தி மிதித்தாலும் வண்டி ட்ராக்கை விட்டு இறங்கிவிடும். எதிரே பஸ் வராத, மாடு குறுக்கிடாத இடத்தில் ஒரே வளைவை நாள் முழுக்க எடுத்துப் பார்த்தால்தான் இது கைவரும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்ற பாடமும் அப்போதுதான் உடம்பில் ஏறும். நேரம் கணக்கிட்டு ஓட்டும் டி.எஸ்.டி. ராலியிலோ குறித்த நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாலே அபராதம். பொறுமையைப் புள்ளி போட்டுக் கற்றுத்தரும் விளையாட்டு இது.

ட்ராக்கில் மட்டும் சாவு இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, இருக்கிறது. 1994-இல் இமோலாவில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தின் ஒரே வார இறுதியில் ஓட்டுநர்கள் ராட்சன்பெர்கரும் செனாவும் இறந்தார்கள். அதன்பின் இந்த விளையாட்டு தன்னையே மாற்றிக்கொண்டது. கழுத்தைக் காக்கும் கவசம் 2003-இலும், தலையைச் சுற்றிய ஹேலோ வளையம் 2018-இலும் ஃபார்முலா ஒன்றில் கட்டாயமாயின. 2020-இல் பஹ்ரைனில் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து எரிந்த காரிலிருந்து ரொமெய்ன் குரோஷான் தானே ஏறி வெளியே வந்தார். ஒவ்வொரு விபத்தையும் பிரித்து மேய்ந்து விதியாக்கும் இந்தப் பழக்கம் நம் நெடுஞ்சாலைகளுக்கு இன்னும் வரவில்லை.

பணக்காரர் விளையாட்டு என்ற குற்றச்சாட்டை மறுக்க முடியாது, மாற்ற முடியும். கோவையின் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி காரை உருவாக்கியது அதற்காகத்தான். அந்த வகைக் காரில்தான் நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஓட்டினார். 2005-இல் ஃபார்முலா ஒன்றில் கால்வைத்த முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனது இன்றும் வலிக்கிற இழப்பு. எளிய காரைக் கட்டித் தருகிறவர்கள் அவருக்குப் பின் போதிய அளவு வரவில்லை.

இடத்தையும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. சென்னைப் பந்தயங்களே இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளம் ஒன்றில், சோழவரத்தில், வளர்ந்தவைதான். 1990-இல்தான் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்தது. அதே காலத்து ஓடுதளங்கள் செட்டிநாட்டிலும் கயத்தாற்றிலும் உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படி ஓர் இடத்தைத் திறந்து, ரப்பர் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்து, ஆளுக்கொரு ஹெல்மெட்டோடு வீட்டுக் காரையே ஒவ்வொன்றாக ஓடவிட்டு நேரம் பார்க்கலாம். ஆட்டோகிராஸ் என்று உலகெங்கும் நடப்பது இதுதான். இரண்டாவது கியரைத் தாண்டத் தேவைப்படாது. ஓர் ஆம்புலன்ஸ், கொடி காட்டத் தெரிந்த பத்துப் பேர், மாவட்ட ஆட்சியரின் அனுமதி, நிலத்தை வைத்திருக்கும் துறையின் சம்மதம் இருந்தால் தொடங்கிவிடலாம்.