பத்து கொடுக்கும்னு சொன்ன கார் ஏன் ஆறு கொடுக்குது?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு பெட்ரோல் கணக்கு. ஆனா ஸ்கூட்டர் மைலேஜ், ஹேட்ச்பேக் மைலேஜ் இல்ல. 400 குதிரைசக்தி பக்கம் இருக்கிற கார்கள் நிஜ ரோட்டுல எவ்வளவு குடிக்குது, ஏன் குடிக்குது, அதுதான் விஷயம்.

இந்த டாபிக்கை எடுக்க ஒரு காரணம் இருக்கு. என் நண்பன் ஒருத்தன் ரொம்ப நாள் காசு சேர்த்து, மீதிக்கு லோன் போட்டு, செகண்ட் ஹேண்ட்ல ஒரு பெர்ஃபார்மன்ஸ் கார் வாங்கினான். பேர் வேண்டாம், கார் பேரும் வேண்டாம். வித்தவர் சொன்னது: "பத்து கொடுக்கும் தம்பி." இவன் இஎம்ஐ, இன்ஷூரன்ஸ், பெட்ரோல் எல்லாம் கூட்டி, அந்த பத்தை நம்பித்தான் கையெழுத்து போட்டான். ரெண்டு மாசம் கழிச்சு போன் பண்றான். "டேய், ஆறுதான்டா கொடுக்குது. என்னை ஏமாத்திட்டாங்க."

ஏமாத்தினாங்களா இல்லையாங்கிறதை கடைசியில பார்ப்போம். முதல்ல இந்த ஆறுக்கும் பத்துக்கும் நடுவுல எவ்வளவு காசுன்னு பாருங்க. மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறான். லிட்டருக்கு 10 கிடைச்சா 100 லிட்டர். 6 கிடைச்சா 167 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய்னு வெச்சுக்கிட்டாலே மாசம் 6,700 ரூபாய் கூடுதல். லோன் கட்டுற ஒருத்தனுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

இங்கேயே ஒரு பொறி இருக்கு. இதே நாலு கிலோமீட்டர், 20 கொடுக்கிற கார் 16-க்கு இறங்கினா எவ்வளவு நஷ்டம்? 50 லிட்டர் 62.5 ஆகும். 12.5 லிட்டர்தான் வித்தியாசம். அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு கேட்கிற நம்ம பழக்கம், அதிகம் குடிக்கிற கார்கள்ல உண்மையை மறைச்சிடும். ஐரோப்பாவுல 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்னுதான் கேட்பாங்க. பர்ஸுக்கு அந்தக் கணக்குதான் நேர்மையானது.

ப்ரியஸ் தோத்த கதை

2008 ஜூன் மாசம். பெட்ரோல் விலை உலகம் பூரா ஏறிக்கிட்டு இருந்த நேரம். பிரிட்டன்ல பிபிசியோட டாப் கியர் நிகழ்ச்சியில ஒரு போட்டி வெச்சாங்க. ஒரு பக்கம் டொயோட்டா ப்ரியஸ். 1.5 லிட்டர் எஞ்சின், ஹைபிரிட், சிக்கனத்துக்குப் பேர் போன கார். இன்னொரு பக்கம் பிஎம்டபிள்யூ எம்3. 4 லிட்டர் வி8, 420 குதிரைசக்தி. சர்ரே மாவட்டத்துல டன்ஸ்ஃபோல்ட் விமானத் திடல்ல இருக்கிற அவங்க டிராக்ல பத்து ரவுண்டு. ப்ரியஸ் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகமா போகணும். எம்3 பின்னாடியே கூட வந்தா போதும்.

ரிசல்ட்: ப்ரியஸ் ஒரு கேலனுக்கு 17.2 மைல். எம்3 19.4 மைல். நம்ம கணக்குல ப்ரியஸ் லிட்டருக்கு 6.1 கிலோமீட்டர், எம்3 6.9. வி8 ஜெயிச்சிடுச்சு!

எந்த கார் ஓட்டுறோம்கிறதைவிட எப்படி ஓட்டுறோம்கிறதுதான் முக்கியம், இதுதான் ஜெரமி கிளார்க்சன் அன்னைக்கு சொன்ன முடிவு. தப்பில்ல. ஆனா பாதி உண்மை. மீதி பாதிக்கு இன்னொரு கணக்கைப் பக்கத்துல வெக்கணும்.

அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதே ரெண்டு மாடலுக்கும் கொடுத்த அளவை நம்ம யூனிட்டுக்கு மாத்தினா இப்படி வருது. ப்ரியஸ்: சிட்டியில 20.4, ஹைவேயில 19.1, ரெண்டும் சேர்த்து 19.6. மேனுவல் கியர் எம்3: சிட்டியில 6, ஹைவேயில 8.5, சேர்த்து 6.8.

கவனிச்சீங்களா? டிராக்ல எம்3 கொடுத்தது 6.9. அதோட சாதாரண நாள் கணக்கு 6.8. அந்த வி8-க்கு அன்னைக்கு விசேஷமா எதுவுமே நடக்கல. ப்ரியஸ்தான் 19.6-ல இருந்து 6.1-க்கு விழுந்துச்சு. எம்3 சிக்கனமா ஓடினதால ஜெயிக்கல. ப்ரியஸை எம்3 மாதிரி குடிக்க வெச்சதால ஜெயிச்சுது.

இன்னொண்ணு. ப்ரியஸ் சிட்டியில அதிகம் கொடுக்குது, ஹைவேயில கொஞ்சம் கம்மி. எம்3 அப்படியே தலைகீழ். நண்பனோட ஆறும் பத்தும் இந்தத் தலைகீழுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு.

பெரிய எஞ்சின் சும்மா இருந்தாலும் ஏன் குடிக்குது?

எம்3 மாதிரி ஒரு காரை சமதளத்துல, காத்து இல்லாத நாள்ல, 100 கிலோமீட்டர் வேகத்துல சீரா ஓட்ட எவ்வளவு சக்தி வேணும்? சுமார் 15 கிலோவாட், அதாவது 20 குதிரைசக்தி. இருக்கிறது 420. இருபதுல ஒரு பங்குதான் வேலை செய்யுது. சரி, அப்போ பெட்ரோலும் இருபதுல ஒரு பங்கு ஆகணுமே? ஆகாது.

பெட்ரோல் எஞ்சின்ல சக்தியைக் குறைக்கணும்னா உள்ளே போற காத்தைக் குறைக்கணும். பெரும்பாலான எஞ்சின்கள்ல அதுக்கு த்ராட்டில்னு ஒரு மூடி இருக்கு. நீங்க ஆக்ஸிலரேட்டரை லேசா தொட்டுக்கிட்டு போகும்போது அந்த மூடி கிட்டத்தட்ட மூடியே இருக்கும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்த சின்ன இடுக்கு வழியா காத்தை இழுக்கணும். ஸ்ட்ராவை விரலால நசுக்கிட்டு இளநி குடிச்சுப் பாருங்க. இளநி கொஞ்சம்தான் வரும், கன்னம் வலிக்கும். எஞ்சினுக்கும் அதே வலி. இது போக எட்டு சிலிண்டரோட உராய்வு, ஆயில் பம்ப், தண்ணி பம்ப். வண்டி வேகமா போனாலும் மெதுவா போனாலும் இந்த வாடகையைக் கட்டித்தான் ஆகணும்.

அதனால நல்ல பெட்ரோல் எஞ்சின் தனக்குத் தோதான சுமையில பெட்ரோலோட ஆற்றல்ல 35 சதவீதம் வரைக்கும் வேலையா மாத்தும். ரொம்பக் குறைந்த சுமையில அது 20-க்குக் கீழேயும் போயிடும். டிராபிக்ல ஊர்ந்து போற 400 குதிரைசக்தி கார் பெரும்பாலும் இந்த மோசமான இடத்துலயேதான் இருக்கு. சிக்னல்ல நிக்கும்போது நிலைமை இன்னும் மோசம். பெரிய வி8 சும்மா உறுமிக்கிட்டு இருந்தாலே மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல போகும். அந்த நேரத்துல மைலேஜ் பூஜ்யம்.

ப்ரியஸ் இந்த இடத்துலதான் ராஜா. நின்னா எஞ்சினை அணைச்சிடும். மெதுவா ஊரும்போது பேட்டரியில போகும். பெட்ரோல் எஞ்சினை எழுப்பினா உருப்படியான வேலை கொடுத்துதான் எழுப்பும். ஆனா டிராக்ல கதை வேற. எஞ்சின் முழு மிதியிலேயே கிடக்குது. முழு மிதியில பல பெட்ரோல் எஞ்சின்கள் தேவைக்கு மேல பெட்ரோலைத் தெளிக்கும், உள்ளே சூட்டைக் குறைக்க. பேட்டரியும் சின்னது, பிரேக்ல வர்ற ஆற்றல் மொத்தத்தையும் அள்ளி வெக்க அதுக்கு இடம் பத்தாது. பின்னாடி வர்ற எம்3-யோ தனக்கு சௌகரியமான நடுத்தர சுமையில வந்துக்கிட்டு இருக்கு.

பிரேக்ல கொட்டுற காபி

அடுத்தது நம்ம வலது கால். 0-100 அஞ்சு செகண்ட்ல போற கார் கையில இருந்தா சும்மா இருக்க முடியுமா? அதுக்கு என்ன விலைன்னு பார்த்துடுவோம்.

1,600 கிலோ காரை 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டு போனா அதுல சேர்ற இயக்க ஆற்றல் சுமார் 620 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோல்ல 32 மெகாஜூல் இருக்கு. கால்வாசி சக்கரத்துக்கு வருதுன்னு எடுத்துக்கிட்டா, ஒவ்வொரு 0-100-க்கும் 75 மில்லி பெட்ரோல். ஃபில்டர் காபி டம்ளர்ல பாதி. அடுத்த சிக்னல்ல பிரேக் அடிக்கிறீங்க. அந்த அரை டம்ளரும் பிரேக் டிஸ்க்ல சூடாகி காத்துல போயிடுச்சு. பதிமூணு தடவை பண்ணினா ஒரு லிட்டர் காலி. காத்தோட எதிர்ப்பு, டயர் உராய்வு எல்லாம் இதுக்கு மேல.

பலர் தப்பா புரிஞ்சுக்கிற இடம் இது. வேகமா ஏத்துறது பெரிய பாவம் இல்ல. அஞ்சு செகண்ட்ல ஏத்தினாலும் பதினஞ்சு செகண்ட்ல ஏத்தினாலும் 620 கிலோஜூல் அதேதான். ஏத்தினதை உடனே பிரேக்ல கொட்டுறோம் பாருங்க, அதுதான் பாவம். முன்னாடி சிவப்பு விழுந்தது தெரிஞ்சும் மிதிக்கிறவன்தான் பங்குக்குப் போய் அழறான்.

வேகம்னா காத்து

காத்தோட எதிர்ப்பை வெல்லத் தேவையான சக்தி, வேகம் இரட்டிச்சா எட்டு மடங்கு ஆகும். 100-ல 15 கிலோவாட் போதும்னு சொன்னேன் இல்லையா? 200-ல 80 கிலோவாட் தாண்டிடும். பாதி நேரத்துல போய்ச் சேர்ந்துடுவீங்கதான், ஆனாலும் ஒரு கிலோமீட்டருக்கு ஆகுற வேலை கிட்டத்தட்ட மூணு மடங்கு.

இதோட உச்சத்துல நிக்கிறது புகாட்டி வேரான். 8 லிட்டர், 16 சிலிண்டர், நாலு டர்போ. 2005-ல தொட்ட வேகம் 407 கிலோமீட்டர். டேங்க் 100 லிட்டர். அந்த வேகத்துலயே வெச்சிருந்தா சுமார் 12 நிமிஷத்துல டேங்க் காலியாகும்னு ஒரு பிரபலமான கணக்கு உண்டு. 12 நிமிஷத்துல போற தூரம் 81 கிலோமீட்டர். லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்ல!

அப்போ லேப்ல எப்படி நல்ல நம்பர் வருது?

ஐரோப்பாவுல ரொம்ப வருஷம் இருந்த பழைய டெஸ்ட், என்இடிசி. 20 நிமிஷம், 11 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்தான், ஏசி ஆஃப். உருளை மேல காரை ஏத்தி, எழுதி வெச்ச வேகத்துல மெல்லமா ஏத்தி இறக்குவாங்க. 420 குதிரையில 380 தூங்கிக்கிட்டே பரீட்சை பாஸ் பண்ணிடும். 2017 செப்டம்பர்ல இருந்து புது மாடல்களுக்கு டபிள்யூஎல்டிபி வந்தது. 30 நிமிஷம், 23 கிலோமீட்டர், உச்ச வேகம் 131. உண்மைக்கு இன்னும் பக்கம். நம்ம நாட்டு டெஸ்ட் பழைய ஐரோப்பிய டெஸ்டைத் தழுவினது. அதுல உச்ச வேகம் 90 மட்டுமே. காரோட குணமே வெளியில தெரியாத ஒரு பரீட்சை.

லேப் சரியா காட்டாத இன்னொரு விஷயம், நம்மளோட குட்டி பயணங்கள். எம்3 எஞ்சின்ல 8 லிட்டருக்கு மேல ஆயில் இருக்கு. அவ்வளவும் சூடாக நேரம் எடுக்கும். அதுவரைக்கும் ஆயில் கெட்டி, உராய்வு அதிகம், ஆரம்பத்துல பெட்ரோலும் கூடுதலா தெளிக்கும். மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஜிம்முக்கு தினமும் எடுத்துட்டுப் போனா, கார் வாழ்நாள் பூரா குளிர்லயே ஓடும்.

சரி, என்ன பண்ணலாம்?

டேஷ்போர்டு காட்டுற மைலேஜை மட்டும் நம்பாதீங்க. அது ஒரு மதிப்பீடு, பல கார்கள்ல கொஞ்சம் தாராளமாவே காட்டும். டேங்கை ஃபுல் பண்ணி ட்ரிப் மீட்டரை ஜீரோ பண்ணுங்க. அடுத்த தடவை அதே பங்குல, தானா கட் ஆகுற வரைக்கும் ஃபுல் பண்ணுங்க. ஓடின கிலோமீட்டரை அடிச்ச லிட்டரால வகுங்க. மூணு நாலு டேங்க் எழுதி வெச்சு சராசரி பாருங்க. சிட்டியும் ஹைவேயும் தனித்தனியா.

ஓட்டும்போது ரெண்டே விஷயம். பெரிய கியர், குறைவான சுத்து. அப்போதான் த்ராட்டில் கொஞ்சம் அகலமா திறந்து எஞ்சின் நிம்மதியா மூச்சு விடும். அப்புறம், தூரத்துல சிவப்பு தெரிஞ்சா கியர்லயே வெச்சுக்கிட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டுடுங்க. இப்போ இருக்கிற ஊசிப் பாய்ச்சல் எஞ்சின்கள் அந்த நேரத்துல பெட்ரோலை மொத்தமா நிறுத்திடும். நியூட்ரல் போட்டா ஐடிலுக்கு பெட்ரோல் போய்க்கிட்டேதான் இருக்கும்.

வாங்கப் போறவங்களுக்கு ஒண்ணு. "எவ்வளவு கொடுக்கும்?"னு கேட்காதீங்க. "எங்க ஓட்டினீங்க?"னு கேளுங்க.

நண்பன் கதைக்கு வர்றேன். மூணு டேங்க் கணக்கு எழுதினான். ஆபீஸ் போய் வர்ற டேங்க்ல ஆறைத் தாண்டல. ஊருக்குப் போய் வந்த டேங்க்ல, சீரா 90-ல ஓட்டினதுக்கு, பத்தை ஒட்டி வந்துச்சு. வித்தவரைத் திரும்பக் கூப்பிட்டு விசாரிச்சான். அவர் வாரக் கடைசியில ஹைவேயில மட்டும்தான் அந்தக் காரை எடுப்பாராம். அவர் சொன்னது பொய் இல்ல. அவரோட பத்தை, இவன் தன்னோட பத்துன்னு நினைச்சிட்டான்.

காரை விக்கல. ஆபீஸுக்கு இப்போ மெட்ரோவுல போறான். ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்குத்தான் அந்த எஞ்சின் சத்தம் கேக்குது. அன்னைக்கு மைலேஜ் பத்தி யாரும் அவன்கிட்ட பேசக் கூடாதாம்.

உங்க காரோட டேங்க் டு டேங்க் கணக்கை எங்களுக்கு எழுதுங்க. எங்க ஓட்டினீங்கன்னு சேர்த்து எழுதுங்க, அது இல்லாத நம்பரை நாங்க படிக்க மாட்டோம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.