பக்கெட்டில் பிடித்த காற்று

இறுக மூடும் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் பக்கெட், உள்ளே காலியாகத் தொங்கும், காற்று மாதிரி பிடிக்கும் ஒரு டெட்லர் பை, ஒரு சின்ன பம்ப். பக்கெட்டுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால், வெளிக்காற்று குழாய் வழியே பைக்குள் புகுந்து நிறையும். சில நிமிடங்களில் மாதிரி தயார். 1995-இல் கலிஃபோர்னியாவில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே வசித்தவர்களுக்காகப் பிறந்த உத்தி இது. 2004-இல் அதே பக்கெட் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் வந்தது.

உப்பனாற்றங்கரையில், கடலூர் - சிதம்பரம் சாலையை ஒட்டிக் கிடக்கிறது சிப்காட். ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம் என்று சுற்றிலும் கிராமங்கள். ‘சிப்காட் பகுதி சமுதாயச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்’ என்று அணி சேர்ந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான். அவர்கள் பிடித்த காற்று அமெரிக்க ஆய்வகத்துக்குப் போனது. 20-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் இருப்பதாக முடிவு வந்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதே ஆண்டு உச்ச நீதிமன்றக் கண்காணிப்புக் குழு கடலூருக்கு வந்தது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமும் பின்னர் இங்கே ஆய்வு செய்தது.

பக்கெட்டைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அதற்கும் முந்தைய கருவி மூக்கு. அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, என்ன நாற்றம், கண் எரிந்ததா, தலை வலித்ததா என்று அந்த அணியினர் குறித்துவைத்ததே நாற்றக் குறிப்பேடு. அழுகிய முட்டை நாற்றமென்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கலாம். நெயில் பாலிஷ் ரிமூவர் வாடையென்றால் அசிட்டோன் போன்ற கரைப்பானாக இருக்கலாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். பத்து லட்சத்தில் 100 பங்கைத் தொட்டால் மோப்பமே மரத்துப்போகும். அப்போது நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதியடைவதுதான் ஆபத்து.

இன்றைய இளைஞர்களிடம் காற்றைப் பற்றிக் கேட்டால் கைபேசியை நீட்டுகிறார்கள். பச்சை நிறத்தில் ஒரு எண் தெரிந்தால் கவலை தீர்ந்தது. அந்தக் காற்றுத் தரக் குறியீடு 8 மாசுகளைக் கொண்டு கணக்கிடப்படுவது. நுண்துகள்கள், கந்தக டை ஆக்சைடு, ஓசோன் எல்லாம் அதில் உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடு கிடையாது. 2009-இல் வந்த தேசியக் காற்றுத் தர வரையறையில் 12 மாசுகள் இருக்கின்றன. பென்சீன் அதில் இடம்பெற்றது. முட்டை நாற்றம் அதிலும் இல்லை. சிப்காட் கிராமத்து வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பவரின் கையிலிருக்கும் திரை ‘காற்று நன்று’ என்று சொல்ல முடியும். இந்த வேடிக்கைதான் கவலைக்குரியது. திரையை நம்பப் பழகிய தலைமுறை தன் மூக்கை நம்ப மறந்தால், 2004-இல் தொடங்கிய குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தை எழுதப்போவது யார்?

பக்கெட் மாதிரி சில நிமிடக் காற்றை மட்டுமே சொல்லும், 24 மணி நேரச் சராசரி ஆகாது என்று வாதிடுவோர் உண்டு. சரிதான். ஆனால், நள்ளிரவில் பத்து நிமிடம் குழந்தைகளை இரும வைக்கும் வாயு, அதே சராசரியில்தான் அடையாளம் தெரியாமல் கரைந்துபோகிறது.

இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் 1988 முதல் இரவெல்லாம் நடந்து ஆமை முட்டைகளைக் காக்கிறார்கள். பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டுக்கும் மாணவர்கள் வருகிறார்கள். அழகான இடத்துக்குப் போவது எளிது. நாறும் இடத்துக்கு எந்தக் கல்லூரியும் சுற்றுலா ஏற்பாடு செய்வதில்லை!

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே பேருந்தில் படிக்கப் போய்வரும் மாணவர்கள் சிப்காட்டைக் கடந்துதான் போகிறார்கள். வேதியியல் துறைகள் இவர்களிடம் ஒரு பருவத்துக்கு நாற்றக் குறிப்பேட்டைக் கொடுத்துப் பார்க்கலாம். தேதி, மணி, காற்றின் திசை, வாடை ஆகிய நான்கு கட்டங்கள் போதும். எழுதியதை ஈச்சங்காட்டுக்காரர்களின் குறிப்போடு ஒப்பிட்டு, அந்த ஊரிலேயே வாசித்துக் காட்ட வேண்டும்.